சந்தாக் காலம் முடியுமுன் மாறலாமா?

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் பிராட்பேண்ட் இணைப்பு இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளின் பாடம், ஊரிலுள்ள பெற்றோரின் முகம் பார்த்துப் பேசுவது, பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது, சிலருக்கு அலுவலக வேலையே கூட இந்த ஒற்றை ஒயரை நம்பித்தான் நடக்கிறது. அந்த ஒயர் வாரத்தில் இரண்டு நாள் செத்துக் கிடந்தால் ஆத்திரம் வருவது இயற்கை. எதிர்வீட்டில் வேறொரு கம்பெனியின் இணைப்பு தங்குதடையின்றி ஓடுவதைப் பார்க்கும்போது, சந்தாக் காலம் முடியும்வரை காத்திருப்பானேன், இப்போதே மாறிவிட்டால் என்ன என்ற எண்ணமும் எழுகிறது.

இதில் நம்மவர்கள் இரண்டு வகையாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார், "கட்டிய பணம் வீணாகிவிடுமே" என்று அஞ்சி, உதவாத இணைப்புடன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். மற்றொரு சாரார் கோபத்தில் துண்டித்துவிட்டு, பிறகு பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள். திரும்பி வராத பணம், நாம் இருந்தாலும் போனதுதான்; விலகினாலும் போனதுதான். அதைத் தராசில் வைக்க வேண்டியதில்லை. இனிமேல் கையிலிருந்து போகப்போகும் பணம் எவ்வளவு, அதற்குக் கிடைக்கப்போவது என்ன என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய கம்பெனிக்கு வரி உட்பட மாதம் 800 ரூபாய்; குறித்த காலத்துக்கு முன் விலகினால் 1,500 ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. புதிய கம்பெனி மாதம் 600 ரூபாய் கேட்கிறது. மாறினால் மாதம் 200 ரூபாய் மிச்சம். 1,500 ரூபாயை 200 ரூபாயால் வகுத்தால் ஏழரை மாதம். ஆகவே எட்டு மாதமோ அதற்கு மேலோ பாக்கியிருந்தால் உடனே மாறுவது லாபம். ஐந்து மாதமே பாக்கியிருந்தால் மிச்சம் 1,000 ரூபாய், அபராதம் 1,500 ரூபாய். அவசரத்துக்கு விலை 500 ரூபாய். புதிய இணைப்புக்குப் பொருத்துகூலி உண்டென்றால் அதையும் அபராதத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிய கம்பெனி சொல்லும் விலை எத்தனை மாதத்துக்கு, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளா புறம்பா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியவர் கணக்கு வேறு. நான்கு மாதம் பாக்கியிருக்கையில் அவர் விலகினால், புதிய இடத்தில் நான்கு மாதத்துக்கு 2,400 ரூபாய் கூடுதல் செலவு. இணைப்பு அறுந்தால் அன்றைய கூலியே போகும் என்பவருக்கு இந்தச் செலவு தகும். இரவில் தொடர் பார்ப்பதோடு சரி என்பவருக்குத் தகாது. குடும்பத்துக்குக் குடும்பம் விடை மாறும்.

கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் நோய் எங்கே என்று பார்ப்பது நல்லது. ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராகக் கணினியில் செருகி, இரவு 9 மணிக்கு வேகத்தைச் சோதிக்க வேண்டும். கேபிளில் வேகம் சரியாக இருந்து, உள்ளறையில் மட்டும் வேகம் இல்லையென்றால் குற்றம் சுவரின் மீது; கம்பெனியை மாற்றிப் பயனில்லை. இன்னொன்று, சால்களிலும் பழைய கட்டடங்களிலும் ஒயர் இழுப்பவர் உள்ளூர் கேபிள்காரரே. இரண்டு கம்பெனிகளின் பெயரும் வெவ்வேறாக இருந்து, கொண்டுவந்து தருபவர் அவர் ஒருவரே என்றால், பில்லின் தலைப்பு மாறுமே தவிர ஒயர் மாறாது. புதிய இணைப்பு யாருடைய ஒயரில் வரும் என்று கேட்பது சந்தாதாரரின் உரிமை.

விலகுவதாக முடிவு செய்தாலும் வாய்ப் பேச்சோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு பழுதுக்கும் புகார் எண் பெற்று, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் ஒழுங்குமுறையின்படி, கம்பெனியின் பக்கத்துப் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் சந்தாதாரருக்கு ஈடு தர வேண்டும். புகார் பிரிவில் நியாயம் கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகவே கூறிவிட்டது. அபராதத் தொகையும் கம்பெனி நினைத்தபடி அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடே பெறலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் முறையற்ற ஒப்பந்தம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இந்தியோ மராத்தியோ சரளமாக வராது என்பதற்காக நம்மவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேதியும் புகார் எண்ணும் உள்ள நான்கு வரிக் கடிதம் எந்த மொழியிலும் பேசும்.

இவையெல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு செய்ய வேண்டியவை. மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு வழி உண்டு. மும்பையில் வாடகை வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். அந்த வீட்டில் இருந்துகொண்டு 12 மாதச் சந்தாவை முன்பணமாகக் கட்டுகிறோம். வீட்டுக்காரர் புதுப்பிக்க மறுத்தால், தாராவியிலிருந்து டோம்பிவிலிக்கோ, செம்பூரிலிருந்து ஐரோலிக்கோ சட்டி பானையோடு போகலாம். ஒயர் கூட வராது. சீசன் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்கும், ஆண்டு சீசனுக்கு 10.8 மடங்கும்தான் ரயில்வே வாங்குகிறது. சலுகை உண்மைதான். ஆனாலும் அடுத்த மாதம் எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு கிடைக்கும் என்று தெரியாதவர் ஆண்டு சீசன் எடுப்பதில்லை. அந்த யோசனை இணையச் சந்தாவிலும் வேண்டும். கூரைக்கு எத்தனை மாதம் உறுதியோ, அதற்கு மேல் ஒயருக்கு முன்பணம் கட்டலாகாது. மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், நினைத்த நாளில் விலகும் சுதந்திரத்துக்கு அது உரிய விலையே.

மாறுவதென்று தீர்மானித்தவர்கள் புதிய இணைப்பு ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கும் கோரிக்கையை எழுத்தில் தந்து, ரூட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது பெற்று, டெபாசிட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத ரூட்டர் பின்னாளில் பாக்கியாக வந்து கதவைத் தட்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த எண் மாற்றா வசதியால், கைப்பேசிக்காரர் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்ற முடிகிறது. பிராட்பேண்டில் காப்பாற்ற வேண்டிய எண்கூட இல்லை. கட்டிப்போடுவது முன்பணம் ஒன்றுதான். வீடு மாறியதாலோ, தொடர்ந்த பழுதாலோ விலகுகிறவருக்கு மீதி மாதங்களின் சந்தாவைக் கணக்கிட்டுத் திருப்பித்தர விதி செய்தால், கம்பெனிகள் சேவையால் சந்தாதாரரைத் தக்கவைக்கப் பழகும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, ஆண்டுக்கு ஒரு வீடு மாறும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும். டிராய் இதில் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்ய வேண்டும்.