மஞ்சள் வைரமா, மஞ்சள் கல்லா?

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு, அங்கே ஓங்கி நிற்கும் சிவன் சிலையும் நக்கீரர் சிலையும் நினைவிருக்கும். பெண்ணின் கூந்தல் மணம் பிறவியில் வருவதா, சூடும் பூவால் வருவதா என்று பாண்டியன் சபையில் எழுந்த வழக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. மல்லியும் முல்லையும் கூடை கூடையாக விலைபோகும் ஊரில் நக்கீரருக்குச் சிலை இருப்பது பொருத்தம்தான்.

நிற வைரம் வாங்க நினைக்கும் வீட்டிலும் இதே வழக்குதான் எழ வேண்டும். முதலில், இது வைரம்தானா? வைரம்தான் என்றால், அந்த நிறம் பிறவி நிறமா, ஏற்றிய நிறமா?

வைரத்தில் நிறம் எப்படி வருகிறது?

வைரம் என்பது கரி அணுக்களின் கட்டு. அதில் துளி நைட்ரஜன் கலந்தால் மஞ்சள், போரான் கலந்தால் நீலம். மண்ணுக்குள் கதிர்வீச்சு பட்டால் பச்சை. பூமியின் அழுத்தத்தில் அந்தக் கட்டு நெளிந்தால் இளஞ்சிவப்பு. உலகப் புகழ் பெற்ற 'ஹோப்' நீல வைரம் ஆந்திராவின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்பார்கள். 1668-ல் பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே அதைப் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். இன்று 45.52 காரட் எடையில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் 'புளூ ஜாகர்' வேறு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது அது. வெள்ளை வைரத்தில் வெயில் பட்டால் லேசாக நீலம் ஓடும், அவ்வளவுதான். பாட்டியின் ஏழு கல் தோட்டை 'நீல வைரம்' என்று நினைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.

கண்ணை ஏமாற்றுபவை

மஞ்சளுக்குக் கனக புஷ்பராகம், டோபாஸ், சிர்கான். இளஞ்சிவப்புக்கு ஸ்பினல். நீலத்துக்கு நீலக்கல். இவை இயற்கைக் கற்கள். எல்லா நிறத்திலும் கிடைப்பவை 'அமெரிக்கன் டயமண்ட்' எனப்படும் கியூபிக் சிர்கோனியாவும் மொய்சனைட்டும். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் செயற்கைக் கல் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொழிலில் ஏமாற்று எதுவும் இல்லை. செயற்கைக் கல்லை வைரம் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள். இங்கிலாந்து அரச கிரீடத்தின் நடுவே நூற்றாண்டுக் கணக்கில் மாணிக்கம் என்று போற்றப்பட்ட பெரிய சிவப்புக் கல், உண்மையில் ஸ்பினல்.

வீட்டில் எவ்வளவு பார்க்கலாம்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பல வருஷம் போட்ட நகையா? பட்டைகள் சேரும் விளிம்பைப் பாருங்கள். வைரத்தில் அது கத்திமுனை போலக் கூராக இருக்கும். மற்ற கற்களில் தேய்ந்து மழுங்கியிருக்கலாம்.

அடுத்து, கல்லின் மேல்பக்கம் வழியாக அடிப்பக்கத்து விளிம்புகளைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தால் அது வைரம் இல்லை. மொய்சனைட்டும் சிர்கானும் இப்படி இரட்டையாகக் காட்டும். நேராகப் பார்த்தால் சில சமயம் தெரியாது. அதனால் பல கோணத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வானவில் நிறங்கள் அளவுக்கு மீறித் தெறித்தாலும் சந்தேகப்படுங்கள். வைரத்தைவிட மொய்சனைட்டில் அது இரு மடங்குக்கும் மேல்.

கட்டாத கல் என்றால் எடை உதவும். ஒரே அளவு வைரத்தைவிட அமெரிக்கன் டயமண்ட் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனக்கும். ஆனால் டோபாஸிடம் இந்தச் சோதனை தோற்கும். வைரத்தின் அடர்த்தி 3.52, டோபாஸின் அடர்த்தி 3.53.

ஊதிப் பார்ப்பது, செய்தித்தாள் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் தீர்ப்புக்கு உதவாது. கண்ணாடியில் கீறிப் பார்ப்பது அதைவிட மோசம். கண்ணாடியைக் கீறும் கற்கள் நிறைய. நல்ல கல்லின் ஓரம் உடைந்தால் யார் கொடுப்பார்கள்?

கடை மெஷின் சொன்னால் போதுமா?

சூடு கடத்துவதை வைத்துச் சொல்லும் பேனா போன்ற கருவி, மொய்சனைட்டையும் வைரம் என்றுவிடும். அதனால் மின்சாரம் கடத்துகிறதா என்றும் பார்க்கும் கருவி வந்தது. அங்கேயும் ஒரு சிக்கல். போரான் கலந்த அசல் நீல வைரமே மின்சாரம் கடத்தும். அதை மொய்சனைட் என்று கருவி தள்ளிவிடலாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம், நிறம் ஏற்றிய வைரம் இரண்டுமே வைரம்தான். அதனால் மெஷின் 'ஆமாம்' என்றே சொல்லும். பிறவி நிறமா என்று சொல்லக்கூடியது, ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் உள்ள சோதனைக்கூடம்தான்.

பழைய நகையில் இன்னொன்று. கல்லின் பின்புறத்தை மூடி, உள்ளே வண்ணத் தகடு வைத்துக் கட்டியிருப்பார்கள். நிறம் கல்லுடையதா, தகடுடையதா என்று கழற்றினால்தான் தெரியும்.

பணம் கொடுக்கும் முன்

ஹால்மார்க் முத்திரையும் ஆறெழுத்து எண்ணும் தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. பில்லில் தங்க எடை, கல் எடை, கல்லின் பெயர் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். 'மஞ்சள் கல்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'இயற்கை வைரம், இயற்கை நிறம்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

சான்றிதழ் கொடுத்தால் அதன் எண்ணை, கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எடையும் அளவும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். அசல் சான்றிதழோடு வேறு கல் வருவதும் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நாளில் கைகொடுப்பது வீட்டு நகை. ஆனால் அடகு வைக்கும்போது கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் கடன் தருவார்கள். கல் அசலாக இருந்தாலும் இதுதான் கதி. ஆகவே ஆபத்துக்கு உதவ வேண்டிய காசைத் தங்கத்தில் போடுங்கள். நிற வைரம் ஆசைக்கு. ஆசைப்பட்டு வாங்கும்போது, நக்கீரர் போலக் கேள்வி கேட்டு வாங்குங்கள்.