கதாநாயகிக்கு பி.எஃப். உண்டா?

கணவன் கைவிட்டான், அல்லது அத்தை வீட்டுச் சொல் பொறுக்கவில்லை. ஒரு பெட்டியுடன் பஸ் ஏறுகிறாள். இறங்கிய ஊரில் ஒரு பங்களா, அதில் சிடுசிடுக்கும் ஒரு செல்வந்தன். இருநூறு பக்கத்துக்குள் சிடுசிடுப்பு காதலாகிவிடும். ரமணிசந்திரனும் அவர் வழியில் வந்தவர்களும் எழுதிக் குவித்த குடும்ப நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் அச்சு ஏறக்குறைய இதுதான். விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, பைண்டு செய்யப்பட்டு, மறுபடியும் கிழிந்தவை இவையே.

செல்வந்தனுக்காக மட்டும் வாசகிகள் இவற்றைப் படித்ததாகத் தோன்றவில்லை. அந்தப் பஸ் பயணம் அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். இருக்கும் இடத்தை விட்டுப் புறப்பட்டாலும் வாழ முடியும் என்ற நினைப்பே ஒரு சுகம்.

எழுத்தாளர்களின் வாழ்க்கையில் செல்வந்தனுக்கு வேலை குறைவு. டாக்டர் திரிபுரசுந்தரி என்ற லட்சுமி, மருத்துவ மாணவியாக இருந்தபோது கதை எழுதிக் கிடைத்த சன்மானத்தில் படிப்புச் செலவைச் சமாளித்தார். திருமணமாகித் தென்னாப்பிரிக்கா போனவர் 1977இல் திரும்பி வந்து, மீண்டும் எழுதி, 1984இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார். கன்னடத்து எம்.கே. இந்திராவுக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். 'துங்கபத்ரா' நாவல் 1963இல் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

நாவல்கள் தட்டிக்கழிக்கும் ஒரு கேள்வி உண்டு: பெட்டியுடன் கிளம்பியவள் கையில் எவ்வளவு பணம்?

ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் இந்தக் கணக்கு பெண்களுக்கு அத்துபடி. அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் காலர், கை, காஜா என்று ஆளுக்கொரு துண்டாகத் தைக்கும் அவர்களுக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமிருக்காது. சேமிப்பு என்பது பி.எஃப். மட்டும்தான். வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து எழுதிக் கொடுத்தால் கைக்கு வரும் என்பது 2016இல் இருந்த நடைமுறை. கடனை அடைக்கவோ, மகளின் கல்யாணத்துக்கோ, ஊரில் ஒரு கடை போடவோ அதுதான் முதல். குடிகாரக் கணவனை விட்டு விலகுவதற்கும் முதல் வேண்டியிருக்கிறது. பி.எஃப். படிவம் நிரப்பும் நாயகியை நாவல்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியை மாற்றியது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. முப்பது வயதுத் தையல்காரிக்கு அது இருபத்தெட்டு வருடக் காத்திருப்பு. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஆலையை விட்டு வெளியே வந்த பெண்கள் ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்கவில்லை, மேடையும் மைக்கும் இல்லை. போக்குவரத்து பல மணி நேரம் நின்றது. மறுநாள் போராட்டம் நகரின் பல பகுதிகளுக்குப் பரவியது. கல்வீச்சு, தடியடி, எரிந்த பஸ்கள் என்று நிலைமை கைமீறியது. முதலில் விதியை மூன்று மாதம் தள்ளிவைப்பதாகச் சொன்ன அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, அன்று மாலையே அதை முழுசாக வாபஸ் வாங்கினார்.