நிழலைப் பிடித்துப் போனவர்கள்

இரும்பு பக்கத்தில் வந்தால் காந்த முள்ளுக்கு வடக்கு மறந்துவிடும். சிப்பாயின் சங்கடமே அதுதான். தலையில் இரும்பு, தோளில் இரும்பு, ஏறி வந்த வண்டி முழுக்க இரும்பு.

அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சிக் கையேடு இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. திசைகாட்டியைப் பார்க்கும்போது துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் அரை மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கி என்றால் 2 மீட்டர். முள்கம்பி, தொலைபேசிக் கம்பி 10 மீட்டர். லாரி, டாங்கி, பீரங்கி 18 மீட்டர். உயர் அழுத்த மின்கம்பி 55 மீட்டர்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. திசை ஒரு பாகை பிசகினால், 1 கிலோமீட்டர் நடப்பதற்குள் 17 மீட்டர் விலகிவிடுவோம். 100 கிலோமீட்டர் போனால் விலகல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். பாலைவனத்தில் ஒரு கிணற்றைத் தவறவிட அது தாராளமாகப் போதும். பாகையே பருமனான அளவு என்று ராணுவத் திசைகாட்டிகளில் வட்டத்தை 6400 'மில்'களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு மில் பிசகினால் 1 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1 மீட்டர் விலகல். களத்தில் மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

நடப்பவன் துப்பாக்கியைக் கழற்றித் தள்ளி வைக்கலாம். லாரியில் போகிறவன் என்ன செய்வான்? ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தூரப் போய் நின்று பார்க்க வேண்டும்.

1920-களில் எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ரால்ஃப் பாக்னால்டுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். விடுமுறை கிடைத்தால் ஃபோர்டு கார்களை மணல்மேடுகளுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். காந்தத்தையே விட்டுவிட்டுச் சூரியனைப் பிடித்துக்கொண்டார். பாகைகள் குறித்த ஒரு வட்டத்தகடு, அதன் நடுவில் செங்குத்தாக ஒரு முள். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் சூரியன் எந்தத் திசையில் இருக்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. அதைப் பார்த்து அவ்வப்போது தகட்டைத் திருப்பி வைத்தால், முள்ளின் நிழல் உரிய கோட்டிலிருந்து நகராமல் வண்டியைச் செலுத்துவதுதான் வேலை. சுற்றிலும் எவ்வளவு இரும்பு இருந்தாலும் நிழலுக்குக் கவலையில்லை. காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கும் வேலையும் மிச்சம்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இல் பாக்னால்ட் கென்யாவுக்குக் கப்பலேறினார். வழியில் கப்பல் மோதிச் சேதமாக, எகிப்தில் கரையிறங்கினார். தளபதி வேவல் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார். 1940-இல் பிறந்தது பாக்னால்டின் பாலைவனப் படைப்பிரிவான 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்'. முதலில் சேர்ந்த வீரர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள். 1941 ஜனவரியில், யாரும் எதிர்பாராத பாலைவனப் பக்கமிருந்து வந்து, தென்மேற்கு லிபியாவின் முர்சுக்கில் இருந்த இத்தாலியக் கோட்டையையும் விமானத்தளத்தையும் தாக்கினார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டிய சூரியத் திசைகாட்டிக்கும் குறை உண்டு. கோடையில் உச்சிவேளையில் நிழல் முள்ளின் அடியிலேயே சுருங்கிவிடும். அந்த நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாப்பாடு, ஓய்வு. இரவு தங்கிய இடத்தில் தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியால் நட்சத்திரங்களை அளந்து, பகலில் சேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்வார்கள்.

எவ்வளவு கவனமாகப் போனாலும் கொஞ்சம் பிசகும் என்பது தரைவழி செல்லும் படைகளுக்குப் பழகிப்போன சங்கதி. ஆகவே பயிற்சியில் ஒரு தந்திரம் சொல்லித்தருகிறார்கள். சாலையில் இருக்கும் ஒரு பாலத்தை எட்ட வேண்டுமானால், நேராகப் பாலத்தைக் குறிவைக்காதே. வேண்டுமென்றே சில பாகை இடப்பக்கம் தள்ளிக் குறிவை. நேராகக் குறிவைத்துச் சாலையைத் தொட்டபின் பாலம் கண்ணில் படாவிட்டால், இடமா வலமா என்று விழிக்க வேண்டியதுதான். இடப்பக்கம் தள்ளி வந்தவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாலை தட்டுப்பட்டதும் வலப்பக்கம் திரும்பி நடப்பான்.