பறைக்கு நேரே யார் பெயர்?

முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே க்யூரேட்டர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கைவினைகளை வைத்து ஒரு கலை ஆய்வுத் திட்டம் தயாரிப்பது எனக்குத் தரப்பட்ட வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படிவம். முதல் மாதத்தில் 31 படிவங்கள் நிரப்பினேன். அவற்றில் 27-இல், ‘செய்தவர்’ என்ற கட்டத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன். செய்தவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். தெரியவில்லை என்பது பொய். நான் கேட்கவில்லை.

வில்லியனூரிலிருந்து அரிக்கமேடு அதிக தூரமில்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. சிலவற்றில் செய்தவரின் முத்திரை: விபி, கமுரி, இட்டா. 2000 வருடங்களுக்கு முன்பு கடலுக்கு அப்பால் மண் பிசைந்தவரின் பெயர் நமக்குத் தெரியும். போன வருடம் ஐயனார் குதிரை செய்த உள்ளூர்க்காரருக்கு ‘நாட்டார் கலை, வில்லியனூர்’ என்று லேபிள் எழுதுகிறோம்.

வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. 2020-இல் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு பெயர் வெளியே வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் புவிசார் குறியீடு ஒட்டுவது ஊரின் பெயரை. மண் மிதிக்கும், சூளை அடுக்கும் வீட்டுப் பெண்கள் அதில் வரமாட்டார்கள்.

அப்படியும் மண் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. தோல் வரவில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை கலைக்கூடத்திலும் வேலை செய்கிறது. சுடுமண் குதிரை வரவேற்பறையில் நிற்கும். பறை திறப்பு விழாவில் முழங்கிவிட்டு வாசலோடு போய்விடும்.

நான் பாகூர்ப் பக்கத்துக் காலனிக்காரி. தாத்தா பறை கட்டியவர், அடித்தவர். அதனால் 32-ஆவது படிவத்தைப் பறைக்கு எழுதினேன். வேப்பமரத் துண்டுகள் சேர்த்த வட்டச் சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் கட்டிய மாட்டுத் தோல், சுண்டுக் குச்சி, அடிக் குச்சி. ‘செய்தவர்’ கட்டத்தில் தாத்தாவின் பெயர். பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “நாங்க வேணாம்னு உட்டுட்டு வந்தத நீ செவுத்துல மாட்டி வெளக்குப் போடப் போறியா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பா பேர அதுகூட எழுதாத பாப்பா. எழவு வூட்டுக்குக் கூப்புடறப்ப எவன் அவர பேரச் சொல்லிக் கூப்புட்டான்?”

இதை ஒரு வயதானவரின் கூச்சம் என்று ஒதுக்க முடியாது. பாகூருக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். தீண்டாமை பற்றி 1969-இல் அறிக்கை தந்த ஒன்றிய அரசுக் குழுவின் தலைவரும் அவர்தான். எங்கள் வட்டாரத்தில் பறையைக் கீழே வைத்தது அரசியல்.

இன்று பறையை விடுதலையின் இசை என்கிறோம். நானும் மேடைக்குக் கீழே நின்று ஆடியிருக்கிறேன், அதில் பொய்யில்லை. விரும்பிக் கையில் எடுப்பதும், கட்டாயத்தை மறுத்துக் கீழே வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை. ஆனால் காட்சிக்கூடத்துக்கு முதலாவது மட்டும்தான் வேண்டும். அதற்கு ஓசை உண்டு, படமும் நன்றாக விழும். கீழே வைத்த பறையைப் பற்றி நான் பேசியபோது, “பார்வையாளர் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?” என்று ஒரு மூத்தவர் கேட்டார்.

பெயரைத் திருப்பிக் கொடுத்தால் நீதி செய்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். யாரைக் கேட்டு, எதன் பக்கத்தில் எழுதுகிறோம் என்று யோசிக்கவில்லை. தொழிலைச் சாதியாகப் பூட்டிய ஊரில், தொழிலுக்கு நேரே பெயரை எழுதுவது சில நேரம் பூட்டை இன்னொரு முறை திருகுவதுதான்.

அந்த 27 படிவங்களோடு திரும்பப் போனேன். சிலர் இனிஷியலோடு எழுதச் சொன்னார்கள். ஒரு அக்கா, “பேரு இருக்கட்டும், போன் நம்பரப் போடு, ஆர்டராவது வரும்” என்றார். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய கட்டத்தில் இப்போது ‘பெயர் தர விரும்பவில்லை’ என்று இருக்கிறது. பறையின் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன்: ‘அடிக்க மறுத்தவர்கள்’.

திட்ட முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் தொடக்க விழாவுக்கு ஒரு வரி அச்சடித்தே வந்திருக்கிறது: பறையாட்டம், 20 நிமிடம். அதை அடித்துவிட்டு, அந்த நேரத்தை அப்பா பேசுவதற்குக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.