சயின்ஸ் குரூப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு?

ஜூன் மாதம் பிறந்தால் போதும், புனேயில் நம் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான். பையன் எந்த குரூப், பெண் எந்த கோச்சிங். ராஸ்தா பேட்டையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களும் சரி, என்னைப் போல மாற்றலில் வந்து பாதி மூட்டையைப் பிரிக்காமலே காலம் தள்ளுகிறவர்களும் சரி, இந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே ஜாதி.

என் பெண்ணைச் சேர்க்கப் போன பயிற்சி மையத்தில் ஒரு விதிமுறைத் தாள் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு வீட்டில் இருக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல். செல்போன், டி.வி., மூன்றாவதாகப் 'பாடத்துக்கு வெளியே உள்ள புத்தகங்கள்'. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டு மூன்றாவதை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் வங்கி வழக்கப்படி இனிஷியலும் போட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

நண்பர்களிடம் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "நீங்க பி.காம். படிச்சுட்டு பாங்க்ல உட்கார்ந்துட்டீங்க. சயின்ஸ் குரூப் பிள்ளைக்குக் கதையும் சரித்திரமும் எதுக்கு சார்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பி.காமிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் வருஷம் முதல் பாடம், இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று உருப்போட்டோம். இந்த முறையை முதன்முதலில் விரிவாக அச்சில் கொண்டுவந்தவர் லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி. வருஷம் 1494, ஊர் வெனிஸ். அது ஒரு கணிதப் புத்தகம். அதில் ஒரு பகுதியாகத்தான் வெனிஸ் வியாபாரிகள் கணக்கு எழுதும் விதம் வருகிறது. அதே ஆசாமி பிற்பாடு எழுதிய இன்னொரு கணித நூலுக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் லியானர்டோ டா வின்சி. கணக்கு, துறவு, வியாபாரம், ஓவியம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்திருக்கின்றன. அதை வெட்டி அலமாரி அலமாரியாக அடுக்கியது பின்னால் வந்த நாம்தான்.

இத்தாலி வரைக்கும் போவானேன்? நான் குப்பை கொட்டுகிற இந்த ஊரிலேயே ஒருவர் இருந்தார். டி.டி. கோசாம்பி. ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், பிறகு பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு டெக்கான் குவீன் ரயிலில் போய்வந்தவர். 1944-இல் அவர் வெளியிட்ட ஒரு சூத்திரத்தை மரபணு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது நாணயங்களால்.

பழைய வெள்ளி முத்திரை நாணயங்கள் புதையல் புதையலாகக் கிடைத்திருந்தன. ராஜா பெயர் கிடையாது, வருஷம் கிடையாது, வெறும் சின்னங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? கோசாம்பி தராசை எடுத்தார். கை மாறுகிற ஒவ்வொரு நாணயமும் துளித் துளியாகத் தேயும், அதிக காலம் புழங்கியது அதிகம் இளைத்திருக்கும், ஆகவே ஒரு தொகுதியின் சராசரி எடையும் அதில் உள்ள ஏற்ற இறக்கமும் வயதைச் சொல்லும் என்று கணக்குப் போட்டார். தன் கணக்கைச் சோதிக்க அந்தக் காலத்துப் புழக்க நாணயங்களையும் நிறுத்துப் பார்த்தார். நாணயத்தின் பின்பக்கம் உள்ள சின்னச் சின்ன முத்திரைகள், அவ்வப்போது காசைச் சரிபார்த்தவர்கள் போட்டவை என்பது அவர் வாதம். முத்திரை கூடக் கூட எடை குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டினார். சராப்பு வேலை! நாங்கள் கசங்கிய நோட்டைத் தனியே பிரித்து வைக்கிறோமே, அதற்கு மூத்த அண்ணன் மாதிரி.

சரித்திரக்காரர்களுக்கு இந்தப் புள்ளியியல் தெரியாது. புள்ளியியல்காரர்களுக்கோ பழங்காசைப் பற்றி அக்கறை கிடையாது. இரண்டு பக்கமும் படித்த ஒருவருக்குத்தான் தராசைத் தூக்கத் தோன்றியது. பிற்பாடு 1956-இல் இந்திய வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தோடு எத்தனையோ பேர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும்.

இதே ஊரில் 2025 மே மாதம் காலமான ஜெயந்த் நார்லிகரை எல்லோருக்கும் தெரியும். வானியல் விஞ்ஞானி. கருந்துளையை வைத்து மராத்தியில் ஒரு கதை எழுதி, தன் பெயர் நடுவர்களைப் பாதிக்கக் கூடாது என்று நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் போட்டிக்கு அனுப்பினார். அவருடைய மூன்று இனிஷியல்களையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், குறும்பு புரியும். பரிசு கிடைத்தது. பயிற்சி மையத்துச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறது என்பது தனிக் கூத்து.

"எல்லாப் பிள்ளையும் கோசாம்பி ஆகுமா?" என்று நண்பர் மறுபடி மடக்குவார். ஆகாது. சாதாரண உத்தியோகத்துக்கே இது வேண்டும் என்கிறேன். ஒரு நகைக்கடைக் கணக்கு எங்கள் கிளையில் இருந்தது. கடனை உயர்த்திக் கேட்டார்கள். ஆய்வு செய்த இளம் அதிகாரி படு கெட்டிக்காரர், விகிதங்களெல்லாம் கச்சிதம். விற்பனை வரவுகளைத் தேதிவாரியாகப் பார்த்தேன். மகாளய பட்சத்துப் பதினைந்து நாளில் வரவு கொட்டியிருக்கிறது. இந்த ஊரில் அந்தப் பதினைந்து நாளும் நகைக்கடைக்காரர் ஈ ஓட்டுவார், புதுப்பொருள் வாங்க ஆள் வராது. விசாரித்தால், அண்ணன் கம்பெனிக் கணக்கிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த பணம். எண்களை மட்டும் பார்த்த பையனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மனிதர்கள் எப்போது வாங்குவார்கள், எப்போது வாங்கமாட்டார்கள் என்பது எந்த வங்கித் தேர்வுப் பாடத்திலும் கிடையாது. அதைக் கதையும் சரித்திரமும் கொஞ்சம் சொல்லித்தரும், ஊரோடு பழக்கம் மிச்சத்தைச் சொல்லித்தரும்.

நம் வெளியூர்க் குடும்பங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. அறிவியல் என்றால் இங்கிலீஷ், சரித்திரம் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம், தமிழ் என்றால் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அலமாரியில் அதற்கு அப்பால் தமிழுக்கு இடமே கிடையாது. (பொன்னியின் செல்வன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. மூன்று தடவை படித்தவன்தான்.) வக்கீலாக இருந்துகொண்டு பெ.நா. அப்புசாமி தமிழில் அறிவியல் எழுதினார். தபால் துறை அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றிய தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் பற்றியும் சினிமா வரலாறு பற்றியும் எழுதுகிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்துகளைக் கணினி உதவியோடு தொகுத்து 1977-இல் வெளியிட்டார். மூன்று பேருக்கும் தொழில் ஒன்று, புத்தகம் வேறு. இவர்கள் பெயரைக்கூட நம் பிள்ளைகள் கேட்டதில்லை.

"எங்க பையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே" என்பீர்கள். என் பெண்ணுக்கும் சரளமாக வராது, தேவநாகரிதான் வேகம். அதனால் என்ன? காது இருக்கிறதே. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பக்கம் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' அப்படித்தான் முடிந்தது. 1977-இல் வந்த நாவல். செகந்திராபாதில் வளரும் தமிழ்ப் பையன், கிரிக்கெட், கல்லூரி, சுற்றிலும் நிஜாம் ராஜ்யம் ஆட்டம் காண்கிறது. வாக்கியங்கள் சின்னச் சின்னவை, வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கும் புரிகிற தமிழ். நாலாம் நாளே கேட்டாள், "இவங்களும் நம்மள மாதிரி வெளியூர்க்காரங்களாப்பா?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ரசாக்கர்கள் என்றால் யார், 1948 செப்டம்பரில் ராணுவம் ஏன் போனது என்று அவளே தேட ஆரம்பித்தாள். வகுப்பில் நாந்தேடுக்காரத் தோழி ஒருத்தி இருக்கிறாள். மராத்வாடாவும் அந்த நிஜாம் ராஜ்யத்தில் இருந்ததுதான், அங்கே செப்டம்பர் 17-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். தோழியின் பாட்டி சொன்ன கதையும் தமிழ் நாவலில் வந்த தெருவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பாட்டியிடம் கேட்டதை என்னிடம் மராத்தி கலந்த தமிழில் இரண்டு ராத்திரி சொன்னாள். பெரிய தலைப்பு கொடுத்து வரலாற்றுப் பாடம் நடத்தியிருந்தால் இது நடந்திருக்காது. கொல்கத்தாவில் இருக்கிற நண்பர்களுக்கு, வங்காளத்திலிருந்து சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த 'நீலகண்டப் பறவையைத் தேடி' இப்படி உதவும் என்று நினைக்கிறேன். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்றால், பத்துப் பக்கத்துக்கு இருபது நிமிஷம். பயிற்சி மையத்துக்குப் போகவர டிராஃபிக்கில் நிற்கிற நேரத்தைவிடக் குறைவு.

இப்போது கோசாம்பியின் நாணயக் கதை அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளையிலிருந்து பழைய ஐந்து ரூபாய் நாணயமாக ஐம்பது மாற்றி வரச்சொன்னாள், அந்தத் தடிமனான செப்பு நிக்கல் காசு, அச்சிட்டபோது ஒன்று 9 கிராம். சமையலறைத் தராசில் மொத்தமாக வைத்தோம். 450 வர வேண்டும், 446 காட்டியது. தேய்மானமா, அச்சுச்சாலையிலேயே இருக்கும் வித்தியாசமா, இல்லை நம் தராசே கோளாறா என்று கேட்கிறாள். வருஷவாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு மேஜை பூராவும் சில்லறை. இரண்டு நாளாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.