சாய்துளையும் கழுந்தும்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது, வாகை, மா, தேக்கு முதலிய மரங்களின் போக்கறிந்து உளி பிடிக்கும் கைகளுக்குக் கிடைத்த சிறப்பாகும். அதே மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஊர்களில் இன்று வீடுகளுக்குள் வரும் அலமாரியும் புத்தக அடுக்கும் முழு மரத்தால் மட்டும் ஆனவை அல்ல. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை அறுத்துச் செய்தவையும் அவற்றுள் உண்டு. பொருள் மாறும்போது அதை இணைக்கும் முறையும் மாறியாக வேண்டும் என்பதே தச்சின் அடிப்படை நியாயம்.

ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொரு சட்டத்தில் வெட்டிய துளைக்குள் செருகி இறுக்கும் கழுந்து இணைப்பின் வலிமை, மரத்தின் நீண்ட நார்கள் அந்த நாக்கின் வழியாக அறுபடாமல் ஓடுவதில் இருக்கிறது. பிளைவுட்டோ மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கிப் பசையிட்டு அழுத்தியது. அதில் கழுந்து செதுக்கினால் ஏறக்குறைய பாதி ஏடுகளின் நார் குறுக்கே அறுபட்டு, நாக்கு வலுவிழந்துவிடும்.

இந்தக் குறையை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றே பாக்கெட் ஹோல் எனப்படும் சாய்துளை இணைப்பு. பலகையின் முகத்தில் பைபோன்ற ஒரு பள்ளத்தை ஏறத்தாழ 15 பாகைச் சாய்வில் துளைத்து, அதன் வழியே திருகாணியை அடுத்த பலகைக்குள் முடுக்குவது இம்முறை. சாய்வு பிசகாமல் துளைப்பானை வழிநடத்தும் ஜிக் என்னும் அச்சுக்கருவியை வீட்டுத் தச்சர்களிடையே பரவச் செய்தவர்களுள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கிரேக் சாமர்ஃபெல்ட் முக்கியமானவர். 1980களில் தம் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்காக அவர் செய்துகொண்ட கருவியே பின்னர் ஒரு தொழிலாக வளர்ந்தது.

துளைப்பானின் முனை மெலிந்தும் உடல் தடித்தும் இருப்பதால், துளையின் அடியில் ஒரு சிறு படி உருவாகிறது. திருகாணியின் தட்டையான தலை அந்தப் படியில் அமர்ந்து பலகையை இழுத்துப் பிடிக்கிறது. ஆப்புபோல் சரிந்த தலையுள்ள சாதாரணத் திருகாணியை அங்கே முடுக்கினால் அது ஏடுகளைப் பிளந்துவிடும். 18 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. நீளத் திருகாணி பொருந்தும். பிளைவுட்டுக்கு அகன்ற மரையும் தேக்கு போன்ற கடின மரத்துக்கு நெருங்கிய மரையும் ஏற்றவை. அடுக்கின் தட்டை அதன் பக்கப் பலகையோடு சேர்க்கும்போது, துளையைத் தட்டின் அடிப்பக்கத்தில் இட்டால் வடுவும் மறையும், மரையும் பக்கப் பலகையின் முகத்தில் கடிக்கும். சாய்வாக நுழையும் திருகாணி பலகையை மெல்ல நகர்த்தப் பார்க்கும் என்பதால், முடுக்கி முடியும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு அசையாமல் இருக்க வேண்டும்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கல்வராயன் மலையடிவாரத்துக் கோடையில் காய்ந்து சுருங்கும் முழு மரப்பலகை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏற்று நாருக்குக் குறுக்கே விரிகிறது. அத்தகைய மேசைப்பலகையைச் சாய்துளைத் திருகாணிகளால் சட்டத்தோடு அசையாமல் பூட்டினால், அசைய இடமில்லாத மரம் ஒருநாள் வெடிக்கக்கூடும். அங்கே நீள்துளையில் நகர இடம்விட்ட திருகாணியே தகும். ஏடுகள் குறுக்காக ஒட்டப்பட்ட பிளைவுட்டில் இந்த அசைவு மிகக் குறைவாதலால், சாய்துளை தன் முழுப் பயனையும் அங்கேதான் தருகிறது.

ஆகவே சாய்துளை கழுந்துக்குப் பகையன்று. பல ஆண்டு உளிப்பயிற்சி இல்லாத குடும்பமும் தன் வீட்டுக்கு உறுதியான ஓர் அடுக்கைத் தானே செய்துகொள்ள அது வழிதிறக்கிறது. ஆனால் மரத்தை அறியும் பொறுப்பிலிருந்து எந்தக் கருவியும் எவரையும் விடுவிப்பதில்லை; துளையிடும் முன் பலகையைத் திருப்பி, அதன் விளிம்பில் தெரிவது அடுக்கிய ஏடுகளா, மரம் வளர்ந்த வரிகளா என்று பார்க்கும் பழக்கமே பழைய தச்சுக்கும் புதிய தச்சுக்கும் பொதுவான முதற்பாடம்.