அராக்னியும் காலமுரண் பேசினாளா?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் டிஷியனின் ‘யூரோப்பா’ ஓவியம் திரையில் இருந்தபோது, முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, “இது வன்முறை அல்லவா? ஏன் காதல் காட்சி என்கிறோம்?” என்று கேட்டார். தலைமை வகித்த பேராசிரியர், இன்றைய அறவுணர்வை மறுமலர்ச்சிக் காலத்தின்மேல் ஏற்றுவது காலமுரண் என்று புன்னகைத்துவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். அவை சிரித்தது. நானும் வாய்மூடி இருந்தேன்; அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காலமுரண் என்பது கடுமையான குற்றச்சாட்டு. அதைச் சுமத்துபவர் அக்காலம் படித்த நூலையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும்.

1562இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு அனுப்பப்பட்ட இவ்வோவியத்தின் வேர் ஒவிடின் ‘உருமாற்றங்கள்’. அதன் இரண்டாம் காண்டத்தில், காளையுருக் கொண்ட ஜூபிடர் யூரோப்பாவைச் சுமந்துகொண்டு கடலில் இறங்குகிறான். நம் வகுப்பறை அதோடு நூலை மூடிவிடுகிறது. ஆறாம் காண்டத்தில் நெசவுக்காரி அராக்னி, மினர்வாவோடு போட்டியிட்டு நெய்யும் துணியில் முதலில் எழுவதும் இதே காட்சிதான். அங்கே யூரோப்பா விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்க்கிறாள். தோழியரைக் கூவி அழைக்கிறாள். அலைக்கு அஞ்சிக் கால்களை இழுத்துக்கொள்கிறாள். அத்துணி காட்டியவற்றுக்கு ஒவிட் இடும் பெயர் ‘கிரிமினா’. குற்றங்கள் என்றும் குற்றச்சாட்டுகள் என்றும் பொருள்படும் சொல். நெசவில் பழுது காண இயலாத தெய்வம் துணியையே கிழித்தெறிந்தது. ஆக, மாணவியின் வினா ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. காலத்தை அறியாதவர் யார்?

டிஷியனைக் காப்பாற்றவும் நான் முனையவில்லை. 1554இல் அதே பிலிப்புக்கு எழுதிய கடிதத்தில், டானயேவை முன்புறமாகக் காட்டியாயிற்று, எனவே வீனஸைப் பின்புறமாகத் தீட்டினேன், அறை இன்னும் எழில்பெறும் என்கிறார். பெண்ணுடலை யாருடைய கண்ணுக்காக அடுக்கினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே தூரிகைதான் யூரோப்பாவின் ஒரு கையைக் கொம்பில் இறுகப் பற்றவைத்தது, உயர்த்திய மறுகையின் நிழலை அவள் முகத்தில் விழச்செய்தது, கரையில் தோழியரை எட்டாத் தொலைவில் நிறுத்தியது. வேட்கையும் அச்சமும் ஒரே திரைச்சீலையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கண்டு அதற்கு ‘வரலாற்று நோக்கு’ என்று பெயரிடுவதைத்தான் மறுக்கிறேன்.

‘ராப்டஸ்’ என்ற இலத்தீன் சொல் கவர்ந்து செல்வதையே குறித்தது என்பார்கள். சரி. கவர்ந்து செல்லப்படுவது எப்போது இசைவாயிற்று? தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழம்: மனத்தைக் கவர்வதற்கும் ஆநிரை கவர்வதற்கும் நமக்கு ஒரே வினைச்சொல். (இங்கே கவர்வது காளை என்பது வேறு கதை.) ‘யூரோப்பாவைக் கவர்தல்’ என்று பெயர்த்தால் வன்முறை வசீகரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ‘கடத்தல்’ என்று எழுதுவோம்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அதே ஸ்பானிய அரசவையின் ஓவியர் வெலாஸ்க்வெஸ் ‘நூற்பவர்கள்’ ஓவியத்தைத் தீட்டினார். அதன் பின்புலத்தில், அராக்னியின் துணியாகத் தொங்குவது டிஷியனின் யூரோப்பாவேதான். அரசருக்கு இன்பமாக வந்த படத்தை, கடவுளர்மேல் குற்றம் சாட்டிய பெண்ணின் நெசவாக அவர் மாற்றிவைத்தார். அவர் ஆறாம் காண்டத்தை மறக்கவில்லை.

கருத்தரங்கில் காட்டிய நாற்பது படங்களில் அந்த ஓவியம் இல்லை. அடுத்த அமர்வில் அதைக் காட்டி, அந்த மாணவியையே முதலில் பேச அழைக்குமாறு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.